ஏழாம் நம்பர்

அண்ணன் இறந்து ஒரு மாதம் இருக்கும். மதினி அவனுடைய பழைய கம்ப்யூட்டரைத் தானே தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கேரளத்து மலையில், வண்டன்மேட்டில் விண்ணப்பம் நிரப்பி பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கடை, அண்ணனும் நானும் சேர்ந்து நடத்தியது. அந்தக் கம்ப்யூட்டரும் முன்பு கடையில் இருந்ததுதான்.

"உசுரு வர மாட்டேங்குது தம்பி. அவுக குரல் இதுக்குள்ளதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் அண்ணன் மலையாளத்தில் பைபிள் வாசகம் வாசிப்பான். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த நாக்கு தடுக்கிவிடக் கூடாதென்று முதல் நாளே வாசித்து இந்தக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டுத் திருத்துவான். அவன் ஃபோன் அவனோடு ஜீப் விபத்தில் போய்விட்டது. நாற்பத்தொன்றாம் நாள் ஜெபத்துக்கு முன் ஒரு தடவையாவது அந்தக் குரலைக் கேட்க வேண்டும், மதினிக்கு அவ்வளவுதான் ஆசை.

டிஸ்க்கிலிருந்து அது கிளம்பவில்லை. கடை சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாகக் கிளப்பினால் உள்ளே பார்க்கலாம். ஆனால் எங்கள் கடையில் ஐபி முகவரி தானாகக் கிடைக்காது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் கையால் எண் கொடுத்து, எதற்கு எது என்று சர்வரில் பட்டியல் போட்டிருந்தான். எண் மாறினால் சர்வர் உள்ளே விடாது. பட்டியலைத் திருத்தும் பாஸ்வேர்டை அந்த மகராசன் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவனுடைய கம்ப்யூட்டரின் எண் ஏழில் முடியும். லயத்தில் நாங்கள் பிறந்த வீட்டின் நம்பர் அது.

முகவரியைத் தட்டினேன். பாதி ஏறி நின்றுவிட்டது. மறுபடி தட்டினேன், மறுபடியும் நின்றது. கேபிளைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன். அப்புறம்தான் மூலையில் இருந்த புது பிரிண்டர் கண்ணில் பட்டது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மாட்டியது. சும்மா கிடக்கிற எண்தானே என்று ஏழாம் நம்பரை நானே அதற்குக் கொடுத்திருந்தேன். ஒரே எண்ணுக்கு இரண்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

அப்பா செத்தபோது எஸ்டேட்டில் இரண்டே வாரத்தில் ஏழாம் நம்பர் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். சாவி வாங்க வந்த கங்காணியை வாய்க்கு வந்தபடி பேசினேன். அண்ணன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனான். அவர்களாவது இரண்டு வாரம் பொறுத்தார்கள்.

மதினியிடம் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கினேன். இந்தத் தடவை முழுவதும் ஏறியது. திரையில் வெளிச்சம் வந்ததும் மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை நெருக்கிப் போட்டார்.

டிஸ்க்கைத் தேடினேன். அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. கழற்றி வேறு ஒயரில் மாட்டினேன். டக் டக்கென்று சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மதினி."

வாசலில் ரேஷன் கார்டு காகிதங்களோடு இரண்டு பேர் நின்றார்கள். மதினி குனிந்து, நான் பிடுங்கிப் போட்ட கேபிளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பிரிண்டர்லயே மாட்டுங்க தம்பி. ஆளுக காத்துக் கிடக்காக."

மாட்டினேன். முதல் காகிதம் வெளியே வந்தது. அதை எடுக்கக் கை வராமல், வந்தவர்கள் முன்னாலேயே அழுதேன்.