மூன்று பிடி வெங்காரம்

பத்மாவிடம் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவள் சுட்ட பன்னிரண்டு பூச்சாடிகளும் ஒரே நாளில் நாசமாயின. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்... இல்லாவிட்டால் போகப்போக எனக்குச் சாதகமாக எதையாவது கோத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்!

கல்கத்தாவில் எழுபதுகளின் கடைசி அது. பெஹாலாவில் பத்மாவின் வீட்டுக்குப் பின்னால் அவள் கணவர் கட்டித் தந்த கரண்டுச் சூளை இருந்தது. நாங்கள் ஒரே வகுப்பில் களிமண் வேலை பழகியவர்கள். எனக்குச் செவ்வாய், தனக்குச் சனி என்று சூளையைப் பங்கு பிரித்தாள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. செவ்வாய்களில் அவள் பாலிகஞ்சில் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவாள். சாவி என்னிடம் இருக்கும்.

அப்படியொரு செவ்வாயன்று, சூளை உச்ச சூட்டில் இருக்கும்போது லோட்ஷெடிங். அவ்வளவுதான், எல்லாம் பாழ் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தது. சூளை மறுபடி சூடேறியது. மறுநாள் திறந்து பார்த்தால்... ஜாடிகளில் பூசியிருந்த நீலக் கண்ணாடி மெருகின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள் மலர்ந்திருந்தன!

அடுத்த வாரம் நானே சுவிட்சை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டேன். அதே பூக்கள். ரகசியம் அவ்வளவுதான்.

ஜாடிகளைப் பார்த்த ஆங்கிலப் பத்திரிகைக்காரர் ஒருவர், பல வருட ஆராய்ச்சியின் பலன் என்று எழுதிவிட்டார். நான் மறுக்கவில்லை. கரண்டு போனதால் வந்த புகழ் என்று எந்த வாயால் சொல்வது?

குளிர்காலக் கண்காட்சியில் எனக்கு ஒரு மேஜை கிடைத்தது. பத்மாவையும் பன்னிரண்டு ஜாடிகள் கொண்டுவரச் சொன்னார்கள். அவளுக்கு அதுதான் முதல் வாய்ப்பு.

"லலி, என்கிட்ட மட்டும் சொல்லேன்டீ. அந்தப் பூ எப்படி வருது?"

"வெங்காரம்," என்றேன். "ஒரு வாளி மெருகுக்கு மூணு பிடி."

தட்டான் நகை பற்றவைக்கப் போடும் உப்பு அது; மெருகை உருக்கி ஓடவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! ஒரு ஜாடியில் போட்டுப் பார்ப்பாள், சரிவராது, விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை நம்பிப் பன்னிரண்டிலும் பூசிவிட்டாள்.

திங்கட்கிழமை நான் போனபோது, மெருகு வழிந்து எல்லா ஜாடிகளும் சூளைத் தட்டோடு ஒட்டிக் கிடந்தன. பத்மா உளியால் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டத் தட்ட அடி பிளந்தது.

"தூர் பாபா!" என்று வங்காளிகளைப் போல அலுத்துக்கொண்டாள். "பிடி பெருசாப் போட்டுட்டேன் போல. என் கைதான் சரியில்ல. நீ ஏன்டீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கற? போய் உன் மேஜையப் பாரு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... சுடாத ஜாடிகள் நாலைந்து அலமாரியில் இருந்தன, கண்காட்சிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? அவள் மேஜையிலும் அந்தப் பூக்கள் இருந்தால் என் மேஜைக்கு யார் வருவார்கள்! வெட்கக்கேடுதான். ஆனால் அன்று நினைத்தது இதைத்தான்.

கண்காட்சிக்குப் பத்மா பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு வந்தாள், என் ஜாடிகளைப் பார்க்க. மூத்த கலைஞர் ஒருவர் அவளிடம், தோழிக்குத் தெரியாமல் இருக்குமா, இந்த மெருகில் என்ன சேர்க்கிறார் என்று கேட்டார். வெங்காரம் என்று அவள் சொல்லியிருந்தால், தொழில் தெரிந்த அந்த மனிதர் அங்கேயே சிரித்திருப்பார்.

பத்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "லலி என்னை நம்பிச் சொன்னது, உயிரே போனாலும் வெளியே விடமாட்டேன்" என்று வங்காளத்தில் அவருக்குப் பதில் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் மண்ணைத் தொடவே இல்லை. எனக்கு என்னென்னவோ பாராட்டு... உங்களில் சிலர் வீட்டில்கூட என் ஜாடி இருக்கலாம்.

போன வாரம் காய்கறிக் கடையில் பார்த்துக்கொண்டோம். என் காதருகே குனிந்து, "இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடலடீ," என்றாள்.

"தெரியும் பத்மா," என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் பொறுக்கினேன்.