புற்றடியில் குழாய் வைத்தவர்

சிம்பாங் அம்பாட் பக்கம், எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை அவரைப் பார்த்தேன். ஆபீசர் தொப்பை, முழங்காலெல்லாம் செம்மண். புற்றுக்கு முன்னால் மண்டியிட்டு, சின்னக் குப்பியில் செருகிய ரப்பர் குழாயை வாயில் கவ்வியிருந்தார்.

பால் செம்போடு வந்த என் அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ்! நாகம்மாவுக்கு ஊத்துன பால குழாய் போட்டு உறிஞ்சிறியா?"

"பாலு இல்லக்கா, ஈ. ஆராய்ச்சிக்குப் புடிக்கிறேன்," என்றார் குழாயை எடுக்காமலே. "கூன் முதுகு ஈ. லேசுல கெடைக்காதுலா. எறும்பு உடம்புல முட்டை போடும். புழு மண்டைக்குள்ள பூந்து எல்லாத்தையும் தின்னுடும். எறும்பு எங்க போறோம்னே தெரியாம சுத்தும், அப்புறம் தலை கழண்டு விழுந்துடும். இப்ப பால் ஊத்திடாதீங்க, பறந்துடும்."

அத்தை செம்பைக் கீழே வைத்தார். அவர் ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்; குப்பிக்குள் தூசி மாதிரி ஏதோ துள்ளியது. குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தம்பி, அதுல ஒன்ன இங்கயே விட்டுட்டுப் போ," என்றார் அத்தை. "ஞாயித்துக்கெழம கோயில் கமிட்டி மீட்டிங். தலைவர் வருவாரு."

"இங்க ஈ புடிக்க அவருகிட்டத்தான் பர்மிஷன் கேட்டேன்க்கா. அவருகிட்ட இது வேலைக்காவாது. மண்டைக்குள்ள எதாச்சும் இருந்தாத்தான் இந்த ஈ முட்டை போடும்."

சொல்லும்போது சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாயில்தான் குழாய் இருந்ததே.