படம் பார்க்க ஒரு குழந்தை வேண்டும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இரண்டு ஆண்கள் வந்து நெளிவார்கள். இருவரும் என் வீட்டுக்காரரோடு ஒரு கம்பெனியில், கருவிகள் செய்கிற டூல் ரூமில் வேலை செய்தவர்கள். ஒருவர் திருநெல்வேலிக்காரர், என்னை மைனி என்பார். இன்னொருவர் பக்கத்து ஊரான தளிக்காரர், அக்கா என்பார். கேட்பது ஒன்றுதான். பாப்பாவைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?

பெங்களூரில் கார்ட்டூன் படம் ஓடுகிறது என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரரையும் சேர்த்து இந்த மூன்று பேருக்கும் ராக்கெட் படம், ரோபோ படம், கார்ட்டூன் படம் என்றால் உயிர். ராக்கெட் படத்துக்குத் தைரியமாகப் போவார்கள், அதில் விஞ்ஞானம் இருக்கிறதாம். கார்ட்டூனுக்கு மட்டும் மீசை வைத்தவர்கள் தனியாகப் போய் வரிசையில் நின்றால், பார்த்தவன் கம்பெனியில் சொல்லி மானத்தை வாங்கிவிடுவான். அதனால் என் ஆறு வயது மகளை இரவல் வாங்கிப் போவார்கள். யாராவது கேட்டால், "குழந்தை அடம் பிடிச்சுது." குழந்தையோ இடைவேளையில் கிடைக்கும் பாப்கார்னுக்காகப் போனாள். ஒருமுறை ஏதோ பூதத்தைப் பார்த்துப் பயந்து அழுதிருக்கிறாள். மூன்று தடியர்களில் ஒருவர்கூட எழுந்து வெளியே தூக்கிக்கொண்டு போகவில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்களாம்.

திரும்பி வந்ததும் எங்கள் முன்னறையில் விமர்சனம் நடக்கும். "அந்த ரோபோவுக்கு முழங்கால்ல பேரிங்கே கெடையாது, பெறவு எப்படி ஓடுதுங்கேன்?" என்பார் திருநெல்வேலிக்காரர். விண்வெளியில் காற்றே இல்லை, வெடித்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் அன்றுதான் கண்டுபிடித்தது போலக் கேட்பார். நான் டீ கொண்டுபோய் வைப்பேன். நானும் வாரத்தில் ஆறு நாள் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுக்குச் சால்டரிங் வைத்துவிட்டு வந்தவள்தான். ரோபோவின் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று இவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஆனால் ஒரு நாளும் ஒருவரும் நீயும் வாயேன் என்று கூப்பிட்டதில்லை. எனக்குப் படம் பார்க்க அவ்வளவு ஆசை இருந்தது. கேட்காதது வலித்தது.

ஒரு கோடை லீவில் பாப்பா சிங்காரப்பேட்டையில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வாரம் பார்த்து, ராக்கெட்டில் தவறி ஏறிவிட்ட ஒரு தாய்க் கரடியைப் பற்றிக் கார்ட்டூன் படம் வந்துவிட்டது. ராக்கெட்டும் கார்ட்டூனும் ஒன்றாக வந்தால் இவர்களுக்குக் கால் தரையில் நிற்குமா? பக்கத்து வீட்டில் போய்க் குழந்தை கேட்டார்கள். எங்கள் குழந்தை என்ன அண்டாவா, இரவல் கொடுக்க என்று கன்னடத்தில் கேட்டு அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டாள். மூன்று பேரும் இழவு வீட்டில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் வர்றேன்" என்றேன்.

"துணி துவைக்கணும்னு சொன்னியே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஊற வச்சிருக்கேன். ஊறட்டும்."

தியேட்டர் வரிசையில் எங்களுக்கு முன்னால் அவர்களுடைய ஃபோர்மேன் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னப் பெண்ணை இறுக்கிப் பிடித்திருந்தார். மச்சினர் மகளாம், அடம் பிடித்தாளாம். அந்தப் பெண் வீட்டுக்குப் போகலாம் என்று சிணுங்கிக்கொண்டிருந்தது. அவர் எங்களைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வீட்டுக்காரிக்குப் பொம்மைப் படம்னா உசுரு சார். ஒரே அடம். குழந்தை மனசு."

ஃபோர்மேன் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "பயந்துக்க மாட்டியேம்மா?" என்றார். பாப்பா நின்ற இடத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். இதில் கொடுமை, என் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நான் நிஜமாகவே ஆசைப்பட்டுத்தான் போயிருந்தேன்.

படம் எனக்கு நன்றாகவே புரிந்தது. கரடி என்ன இங்கிலீஷா பேசப்போகிறது? திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஆரம்பித்தார்கள். கரடிக்கு அந்த ஹெல்மெட் அளவு பத்தாது, ஆக்சிஜன் சிலிண்டரை எங்கே வைத்தார்கள், இப்படி. ஆனால் முடிவு நல்ல முடிவு, கரடி குட்டிகளிடம் வந்து சேர்ந்துவிட்டது என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து.

"அது சந்தோஷமா வரல" என்றேன். "குட்டிங்களுக்காக வந்துச்சு. கடைசியில குட்டிய நக்கிக்கிட்டே இருக்குது, கண்ணு மட்டும் ராக்கெட்டு மேல இருக்குது, பாத்தீங்களா? அதுக்கு இன்னொரு தடவ போவணும்."

பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டியது. அப்புறம் என் வீட்டுக்காரர், "பொம்பளைங்களுக்கு எதுலயும் ஒரு அழுகாச்சி வேணும்" என்றார். சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தளிக்காரர் தன் தோட்டத்து பீன்ஸ் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போக வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா, இன்னிக்கிக் கேன்டீன்ல மாமா பேசினாரு பாருங்க. அந்தக் கரடியோட கண்ணு ராக்கெட்டு மேலயே இருந்துச்சாம், அதுக்கு இன்னொரு தடவ போவணுமாம். ஃபோர்மேனே அசந்துட்டாரு. நமக்கெல்லாம் இது தோணுச்சா சொல்லுங்க?"

பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து, தலையைத் திருப்பி நான் சொன்னதைக் கேட்டவர் இவர்தான். நான் பீன்ஸை வாங்கி உள்ளே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் துணியை ஊற வைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு வந்து, படத்துக்குப் போகிறேன் என்றேன்.

"எந்தப் படம்?"

"அதே படம்."

"யார்கூட?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவர் என்னைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னால் பார்த்தார், பிறகு எம்பி எனக்குக் கீழேயும் பார்த்தார். குழந்தை எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

"குழந்தை இல்லை. ஒரு டிக்கெட். எனக்குத்தான்" என்று கன்னடத்திலேயே சொன்னேன், பின்னால் வரிசையில் நின்ற மீசைகளுக்கெல்லாம் கேட்கும்படி.