ஒருசந்தி இருந்த நாய்

2007-இல், தவக்காலத்துக்கு முந்தின வாரம், நாய் வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் சண்டை. சண்டை போட்டது நான் மட்டும்தான். என் கணவர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நாய், சிதம்பரத்தில் இருந்த அவருடைய ஆபீசருடையது. மகள் பிரசவத்துக்காக ஆபீசரும் மனைவியும் மும்பை போகிறார்கள். இரண்டு மாதம் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எனக்கு நாய் பிடிக்காமல் இல்லை. முன்பு வளர்த்த ஒன்று செத்தபோது மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி எந்த நாய்க்கும் மனசைக் கொடுப்பதில்லை என்று இருந்தேன்.

"அதுக்குக் கறி, மீன் எதுவும் வேணாம். சைவக்காரங்க வூட்டு நாய். தயிர்சாதம் போட்டா போதும்" என்றார் கணவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அங்கேதான் விழுந்தேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எங்கள் வீட்டிலும் ஒருசந்தி; கறி, மீன் கிடையாது. தனியாக ஆக்கிப் போடும் வேலை மிச்சம்.

"சரி, வரட்டும். ஆனா நான் கொஞ்ச மாட்டேன்" என்று கறாராகச் சொன்னேன்.

நாய்ப்பயல் சொந்தத் தட்டோடு எங்கள் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்து இறங்கினான். இரண்டாம் நாளே அவன் காதைச் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தேன். கணவர் பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

தயிர்சாதத்தை அவன் அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டான். நாங்களும் நாற்பது நாள் சாம்பாரும் ரசமுமாகத் தள்ளினோம். ஈஸ்டர் அன்று அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்தபோது அவன் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தான். எங்களோடு சேர்ந்து ஒருசந்தி இருந்த ஜீவனுக்குப் பண்டிகை வேண்டாமா? மசாலா போடாமல் வேகவைத்த கறி நாலு துண்டு வைத்தேன்.

அவன் பிறந்ததிலிருந்தே ஒருசந்திதான் என்பது சத்தியமாக எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாளிலிருந்து தயிர்சாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ஆபீசரும் மனைவியும் வந்தார்கள். அவர்கள் மேல் பாய்ந்து பாய்ந்து நக்கினான். எனக்குப் பொறாமையில் கண் கலங்கியது. அந்தம்மா ஆசையாகத் தயிர்சாதம் பிசைந்து வைத்தார். மோந்து பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சமையலறையையே பார்த்தான்.

"இவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க... நாப்பது நாள் எங்களோட ஒருசந்தி இருந்துச்சேன்னு, ஈஸ்டருக்குக் கொஞ்சம் கறி வெச்சுட்டேன்" என்றேன். கணவர் பேப்பரைத் தேடினார்.

அந்தம்மா என்னை முறைத்தார். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்து அவன் தலையை ரொம்ப நேரம் தடவிக்கொடுத்தார்.

"எங்க வூட்ல இவன் இனிமே பட்டினிதான் கெடப்பான். இங்கயே இருக்கட்டும். அடுத்த தவக்காலத்துக்கு நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம். அப்ப எப்படியும் உங்க வூட்லயும் தயிர்சாதந்தானே?"

சொன்னபடியே வந்தார்கள். அவன் உயிரோடு இருந்த 2012 வரை வருஷா வருஷம் சாம்பல் புதனன்று வந்து கூட்டிப்போனார்கள். ஈஸ்டருக்கு முதல் நாள் நான் போய்க் கூட்டிவந்தேன். அந்த நாற்பது நாளும் எனக்குக் கறி நினைப்பே வந்ததில்லை. அவன் நினைப்புதான்.