ஏறின கியரில் இறங்கிய கார்

மலை மேல் தேவனூர் நாட்டில் ஜீப்பே போகாத எங்கள் காட்டுக்குப் பாறையை உடைத்துப் பாதை போட்டவன் நான். எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. பிறகு லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர், அப்புறம் சொந்த ஜீப், சொந்த லாரி. இந்த மழையில் மிளகைக் காயவைத்து நல்ல விலைக்கு விற்க முடியாது என்றார்கள். சிமெண்ட் களம் போட்டு, மழை வந்தால் தள்ளி மூடுகிற மாதிரி தகரக் கூரை செய்து காயவைத்தேன். அடிவாரத்திலிருந்து செங்கல் ஏற்றினால் கட்டுபடியாகாது என்று என் மைத்துனனே சிரித்தான். மாடி வீடு கட்டி அவனையே குடிபுகுதலுக்குப் பந்தியில் உட்காரவைத்தேன். மகளை நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக் குடும்பத்தில் கொடுத்தேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும், கேட்டால் சொல்வார்கள். மாப்பிள்ளை காருக்கு டர்போ வாங்கியபோது நான் செய்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஓரிரு வருடம் இருக்கும். கல்யாணச் சீரில் ஒரு கார் என்பது பேச்சு. நான் நினைத்தது நாலு கதவு வைத்த வெள்ளைக் கார். மாப்பிள்ளை நான் கொடுத்த பணத்தோடு தன் பணத்தையும் போட்டு, யாரோ ஓட்டி அலுத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார். இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் கால் மூக்குக்கு நேராக நீளும். பார்க்கத்தான் புலி, எஞ்சின் சின்ன எஞ்சின்.

மறுவீட்டு விருந்துக்கு அதில்தான் வந்தார்கள். பாதி மலையிலேயே கார் திணறிவிட்டது. பின்னால் பலாப்பழ லோடோடு வந்த ஜீப்காரன் எங்கள் ஊர் ஆள். பக்கத்தில் வந்து, "ஏனுங்க மாப்ள, அம்மிணிய எறக்கி உட்டீங்கன்னா ஏறுமுங்களே. நாங்க பலாப்பழத்து மேல உக்கார வெச்சுக் கூட்டியாறோம்" என்று சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போனான். கார் வந்து சேர்வதற்குள் அந்தப் பேச்சு ஊர் முழுக்கச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை அன்றைக்கு இலையில் கை வைத்தாரே தவிரச் சாப்பிடவில்லை. டர்போ என்ற வார்த்தை அந்த இலை முன்னால்தான் பிறந்தது.

டர்போ மந்திரம் ஒன்றும் இல்லை. வெளியே போகிற புகை ஒரு விசிறியைச் சுற்றும்; அதே தண்டில் இருக்கிற இன்னொரு விசிறி வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிக இழுவை. புது லாரிகளில் பார்த்திருக்கிறேன். என் வண்டி எதிலும் அது கிடையாது. அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. கிளீனராக இருந்த காலத்தில் பிரேக் போன லாரி ஒன்றை இந்த மலையில் பார்த்தவன் நான். வண்டியைக்கூட மறந்துவிட்டேன், அந்தக் கருகல் வாசனை மறக்கவில்லை. ஏறுகிற வண்டியைப் பார்த்து எனக்கு என்றைக்கும் பயம் வந்ததில்லை. ஏறினது எல்லாம் இறங்கியாக வேண்டும், அந்தப் பயம்தான்.

பட்டறைக்குப் போகிற பேச்சு வந்தபோது என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்காகத்தான் பாதிப் பணம் தருகிறேன் என்றேன், பட்டறைக்கு நானும் வருவேன் என்ற ஒரே பேச்சில். கிளம்பும்போது அவள் என் தோளில் துண்டைச் சரிசெய்கிற மாதிரி வந்து, "அங்க போயி அவர எதும் சொல்லிப்போடாதீங்கப்பா. நாந்தானுங்க அந்த ஊட்டுல இருக்கோணும்" என்றாள். சொல்ல மாட்டேன் கண்ணு என்றேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை மாமனார் ஒருமையில் பேசினால் அது ஜென்மத்துக்கும் ஆறாது.

கோயமுத்தூர் பட்டறைக்காரர் மேசை மேல் இரண்டு டர்போவை வைத்தார். ஒன்று பெரியது, வெளிநாட்டிலிருந்து டப்பாவோடு வந்த புதுச் சாமான். இன்னொன்று வேறொரு காரிலிருந்து கழற்றியது, தேங்காய் மூடி அளவுதான். டர்போவோடு முடிந்துவிடாது, புகைக் குழாய், ஆயில் குழாய், காற்றைக் குளிரவைக்கிற ரேடியேட்டர், கிளட்ச் என்று ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று வரும். பெரியதை எடுத்தால் எங்கள் இரண்டு பேர் பணமும் துடைத்துக்கொண்டு போய்விடும். சிறியதை எடுத்தால் பாதிக்குள் அடங்கும். மாப்பிள்ளையின் கை பெரியதைத் தடவிக்கொண்டே இருந்தது.

நான் கேட்ட முதல் கேள்வி, பெரிய விசிறி சுற்றி வேகம் பிடிக்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பது. கொஞ்சம் நேர் ரோடு வேண்டும் என்றார். எங்கள் மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் காலை எடுத்து மறுபடி மிதித்தால், விசிறி விழிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சின்ன விசிறி சீக்கிரம் சுற்றும், அதுதான் எங்களுக்கு என்றேன். பட்டறைக்காரர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். இறங்குவதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டேன். அதற்குச் சிரித்துவிட்டார்.

"டர்போ ஏறதுக்குங்க. எறங்கறதுக்கு எதுக்குங்க செலவு, எறக்கம் சும்மா வருதுல்ல?"

"சும்மா வருதுங்கறதுதானுங்க பயமே" என்றேன்.

பிறகு மாப்பிள்ளையிடம், முகம் பார்க்காமல்தான், உங்கள் பணம் ஓடுவதற்கு, என் பணம் நிற்பதற்கு என்று சொன்னேன். என் பங்கில் முன் சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க், புதுப் பேடு, சூடு தாங்குகிற பிரேக் ஆயில். டர்போவுக்கு என் பணத்தில் ஒரு ரூபாய் கிடையாது. மாமா பயந்த சுபாவம் என்று அவர் பட்டறைக்காரரிடம் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டேன். சின்ன டர்போவே முடிவானது.

கார் தயாராகி மலை ஏறிய அன்றைக்கு நான் அடிவாரத்தில் ஏறிக்கொண்டேன். மகள் முன்னமே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் வளைவிலிருந்தே கார் விசில் அடித்துக்கொண்டு போனது. முன்பு இரண்டாம் கியரில் திணறிய இடமெல்லாம் மூன்றில் போனது. பலாப்பழ ஜீப்பைத் தாண்டியபோது மாப்பிள்ளை ஹாரன்கூட அடிக்கவில்லை, அவ்வளவு பெருமை. நான் கதவுக் கைப்பிடியை விடவில்லை. வீட்டில் அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் வீட்டுக்காரி முகத்தில் சிரிப்பு. எனக்கு இறங்குகிற யோசனைதான்.

வெயில் தாழ்வதற்கு முன்னால் கிளம்புகிறேன் என்றார். மகளும் கிளம்பினாள். நான் தடுத்தேன், நாலு நாள் கழித்து பஸ்ஸில் கொண்டுவந்து விடுகிறேன், இப்போது எனக்கு அடிவாரத்தில் வேலை இருக்கிறது, நான் வாரேன் என்று அந்த சீட்டில் நான் உட்கார்ந்தேன். வேலை ஒன்றும் கிடையாது.

சோளக்காடு ஊர் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. கார் மூன்றாம் கியரில் இறங்கியது. எஞ்சின் பிடிக்கிற சத்தமே இல்லை, எல்லாம் பிரேக்கில்தான் நிற்கிறது. இருபது வளைவு பொறுத்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை, இரண்டுக்குப் போட்டால் நல்லதுங்க என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஏறுன கியர்லயே எறங்கோணும்னு நீங்கதானுங்க மாமா சொல்வீங்க? மூணுலதான ஏறுனோம்" என்றார்.

இந்த மலையில் டிரைவர் ஒவ்வொருத்தனும் சொல்கிற வார்த்தை அது. கிளீனராக நான் ஏறிய முதல் நாளே எனக்குச் சொன்னார்கள். அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அந்த வார்த்தை டர்போ இல்லாத வண்டிக்குச் சொன்னது. மூன்றில் ஏற்றியது டர்போ. காலை எடுத்துவிட்டால் டர்போ தூங்கிவிடும். இறக்கத்தில் காரைப் பிடிப்பது பழைய சின்ன எஞ்சின் மட்டும். அதற்கு இரண்டாம் கியர்தான். இதை வாயால் விளக்க நேரம் போதாது.

அதற்குள் அந்த வாசனை வந்தது. அதே கருகல். மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார், கால் முன்பைவிடக் கீழே போனது. மறுபடி மிதித்தார், இன்னும் கீழே. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது, கை ஸ்டியரிங்கிலேயே இறுகிவிட்டது. எதிரே வளைவு, அதற்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளை, இரண்டுக்குப் போடுங்க, போடுங்க என்று இரண்டு தடவை சொன்னேன். அவருக்குக் காது கேட்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியாக என் மகள் வாசலில் நின்று கையாட்டியது கண் முன்னால் வந்தது.

"டேய், ரெண்டுக்குப் போட்றா!"

போட்டார். எஞ்சின் அலறியது, கார் முன்பக்கம் குனிந்தது. நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கை நான் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். மலைப்பக்கம் உரசு என்றேன், உரசினார். இடது சக்கரம் மழைநீர்க் கால்வாயில் இறங்கி, கார் சாய்ந்து நின்றது. தடுப்புச்சுவர் மேல் இருந்த குரங்கு ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிரேக்கிலிருந்து புகை வந்தது.

பிறகு அவர் சொன்னார், "மாமா, டேய்ன்னீங்க."

"சொன்னனுங்க மாப்ள" என்றேன்.

பிரேக் ஆறிய பிறகு, வந்த ஜீப்காரர்களை வைத்துக் காரைத் தூக்கி வெளியே விட்டு, இரண்டாம் கியரிலேயே அடிவாரம் போனோம். அடுத்த வாரமே நான் பழத்தட்டோடு சம்பந்தி வீட்டுக்குப் போய், வாய் தவறிவிட்டது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். என்ன வார்த்தை, எந்த இடத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை, மாப்பிள்ளையும் சொல்லவில்லை. பேரன் பிறந்து பெயர் வைக்கிறவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் அந்தக் கதை ஊரெல்லாம் போனது. மாப்பிள்ளை சாமர்த்தியமாக மலைப்பக்கம் உரசி நிறுத்தினார் என்று போனது. பட்டறைக்காரர் இப்போது மலைக்குப் போகிற கார் என்றால் முதலில் பிரேக்கு, பிறகுதான் டர்போ என்று கணக்குப் போடுகிறாராம், அது அவர் தொழில் அனுபவம் என்று போனது. பழைய பிரேக்கோடு வந்திருந்தால் அதற்குப் பத்து வளைவு மேலேயே கால் கீழே போயிருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை.

பேரனுக்கு இப்போது அந்தக் கதையைச் சொல்கிறார்கள். அதில் நான் பக்கத்து சீட்டில் பயந்துபோய் உட்கார்ந்திருந்த தாத்தா. பயந்தது உண்மைதான். இன்றைக்கும் அந்த வளைவில் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆனால் டேய் என்ற குற்றம் என்னுடையது என்று தட்டை நீட்டியபோது கை நீட்டி வாங்கிக்கொண்டார்களே, அந்த டேய்க்குப் பின்னால் வந்த இரண்டாம் கியரும் என்னுடையதுதான். அதற்கு முன்னால் பட்டறையில் ஒதுக்கிய பிரேக் பணமும் என்னுடையது. அடுத்த தடவை கதை சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை வாயாலேயே, பேரன் முன்னாலேயே. டேய்யையும் சேர்த்தே சொல்லட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.