ஏழாம் அறைக் கிளிப்பக்கா

காலை பஸ்ஸில் வந்த பரிசோதனை முடிவு உறைகளை டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கும்போது, கிளிப்பக்கா மேஜை ஓரத்தில் நின்று தாளின் நீளத்தை மட்டும் பார்ப்பார். அதிலுள்ள ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, நீளம் தெரியும். "ரெண்டு வரியோட முடிஞ்சா சாதாரணக் கட்டி. அரைப்பக்கம் ஓடிச்சுன்னா எனக்கு அன்னைக்கு சோறு இறங்காது" என்பார். பிறகு பெயர் உள்ளே போகும்படி தாளை மடித்து, வெளியே நோயாளி எண்ணை மட்டும் எழுதி, திரைக்குப் பின்னால் கட்டிய துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். அரைப்பக்கத் தாளுக்குச் சிவப்புக் கிளிப்.

சின்ன ஆஸ்பத்திரிதான். மார்பில் கட்டி என்று வரும் பெண்களுக்காக அங்கே ஏழாம் அறை. ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், அப்புறம் இவர். ஊசியால் எடுத்த சதைத்துணுக்கைப் பரிசோதிக்க அங்கே ஆள் கிடையாது. குப்பியில் அடைத்துப் பெரிய நகரத்துக்குப் பஸ்ஸில் அனுப்ப வேண்டும். முடிவு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரத்துக்குள் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். பெயர் கூப்பிடுவதும் தரை துடைப்பதும்தான் இவருடைய உத்தியோகம். காணாமல் போனவர்களைத் தேடிப் பிடிப்பது அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

வயது ஐம்பத்திரண்டு. குட்டை உருவம், ஆனால் நடக்க ஆரம்பித்தால் கூட வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். பேசும்போது பல்லிடுக்கில் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டே பேசுவார். புதிதாக வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் நர்ஸைப் பார்ப்பார்கள். இத்தனை அக்கறை எடுக்கிறாரே, இவருக்கும் அந்த நோய் வந்திருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்வதுண்டு. கேட்டே விட்டால் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பதில் வரும்: "எனக்கு வரலம்மா. வந்தாத்தான் உன்னைக் கூப்பிடணுமா?"

தொலைபேசி எண் வாங்குவதில் அவர் கில்லாடி. பெண்கள் பெரும்பாலும் கணவன் எண்ணைக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரி என்றதும் அந்தப் பக்கம் 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுவார்கள். அதனால் அக்கா வேறு மாதிரி கேட்பார். தெருவில் ஒரு வம்பு நடந்தால் முதலில் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்லுவாய், அவள் எண்ணைக் கொடு. பெண்கள் சிரித்துவிடுவார்கள், சரியான எண்ணையும் கொடுத்துவிடுவார்கள். வம்பு பேசுகிற சிநேகிதிதான் ஆளைக் கையோடு இழுத்து வருவாள் என்பது அக்காவின் அனுபவம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மரப் பீரோ. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வந்த முடிவுகளைப் பீரோவுக்குள் அடுக்கி வைக்க வேண்டும், நோயாளி வந்து கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு பெண் ஐந்து மாதம் கழித்து வந்தாள். தாள் பத்திரமாக இருந்தது. ஆனால் நோய் முற்றிவிட்டது, டாக்டர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "அதை உள்ளே வச்சுப் பூட்டினது இந்தக் கைதான்" என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கிவிடும். மறுவாரமே வீட்டிலிருந்து கயிறு கொண்டுவந்து, தாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்படி கொடி கட்டிவிட்டார்.

போன மாதம் அந்தக் கொடியில் ஒரு சிவப்புக் கிளிப் நாலாவது வாரமாகத் தொங்கியது. சந்தையை ஒட்டி இஸ்திரிக் கடை வைத்திருக்கும் பெண், முப்பத்தெட்டு வயது. வம்பு பேச ஆளில்லை என்று சொல்லிக் கடை எண்ணையே கொடுத்திருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டும் கணவர், அவள் வேலையாக இருக்கிறாள் என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டார். டாக்டரம்மாவுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கட்டி சின்னது, இப்போதே எடுத்தால் பிழைத்துக்கொள்வாள், தள்ளிப்போட்டால் தன்னை ஒன்றும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சை நிபுணர் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமைதான் வருவார். ஏற்கெனவே ஒரு வியாழன் போய்விட்டது.

அக்கா கிளம்பிவிட்டார். ஆனால் கணவரையும் வாடிக்கைக்காரர்களையும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேச முடியுமா? முதல் நாள் தன் படுக்கை விரிப்பைக் கொண்டுபோய் இஸ்திரிக்குக் கொடுத்தார். இரண்டாம் நாள் வீட்டு ஜன்னல் திரை. மூன்றாம் நாள் கொடுக்கத் துணியில்லாமல் ஏழாம் அறை மறைப்புத் திரையையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் கணவர் துணி கொடுக்க வெளியே போனார்.

ஏன் வரவில்லை என்று அக்கா மெதுவாகக் கேட்டார். அந்தப் பெண் வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"அதான் அன்னைக்கே ஊசி போட்டுட்டாங்களேக்கா. ரெண்டு நாள் வலிச்சுது. அப்புறம் சரியாப் போச்சு."

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. பரிசோதனைக்கு எடுத்ததை இவள் வைத்தியம் என்றே நினைத்துவிட்டாள்! ஒரு வார்த்தை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. தான்கூடச் சொல்லவில்லையே என்று அக்காவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"நாங்க உள்ளே எதுவும் விடலம்மா. உன்கிட்டேருந்து துளி சதைய எடுத்துட்டுப் போனோம், அவ்வளவுதான். கட்டி அங்கேயேதான் இருக்கு. கெட்ட கட்டி."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, செத்துப்போய்விடுவேனா என்று கேட்டாள். இப்போது வந்தால் பிழைக்க வழி இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்கிறார், அதற்காகத்தான் மூன்று நாளாக நடக்கிறேன் என்றார் அக்கா. மறுநாளிலிருந்து ஏழாம் அறையில் ஊசியால் சதை எடுத்ததும் குப்பியை ஒவ்வொரு பெண்ணின் கண்ணெதிரே பிடித்து, "பாத்துக்கம்மா, எடுத்துத்தான் இருக்கோம். இனிமேதான் வைத்தியம்" என்று சொல்லாமல் அக்கா யாரையும் அனுப்புவதில்லை.

அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்ட இஸ்திரிக் கடைப் பெண் புதன்கிழமை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் வந்து சேர வேண்டும். ஒன்பது ஆயிற்று, ஆள் இல்லை. அக்கா அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கணவர். மனைவி அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்களின் நாற்பது சட்டை மத்தியானத்துக்குள் போக வேண்டுமாம். முடித்துவிட்டு நாளைக்கு வருகிறோம் என்றார். வியாழக்கிழமைக்கு முதல் நாளே சேராவிட்டால் இன்னும் இரண்டு வாரம் என்று அக்கா விளக்கினார். அவர் தலையாட்டினார், நகரவில்லை. அவர் வராமல் தனியாகப் போகமாட்டேன் என்று அவளும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள்.

அக்கா அவர் கையைப் பார்த்தார். ஒரே காலரைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். மடிப்பு எப்போதோ விழுந்துவிட்டது. மனுஷன் பயத்தில் வெலவெலத்துப் போயிருக்கிறார், பாவம். அக்காவுக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. உள்ளே போய்ப் பெட்டியின் கைப்பிடியை அவர் விரல்களிலிருந்து விடுவித்தார்.

"தம்பி, நீ போ. உள்ளே நீ ஒண்ணும் பண்ண வேணாம். அவ பக்கத்துல உக்காரு, போதும். சட்டைய நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு இஸ்திரி போடத் தெரியுமாக்கா?"

"தெரியாது. கிளம்பு."

அவர் வாசலுக்கு வந்து மனைவியின் மடியிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் தெருமுனையில் திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சூடு இருக்கிறதா என்று பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தார். விரல் சுரீரென்று சுட்டது. சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் முதல் சட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தார்.