படிக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

மர்சலின் சாந்தோம்காரி. கட்டுமரத்தில் போன கணவன் திரும்பாததால், யுத்த காலத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷம், எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆயாவாக வந்தாள். காயம்பட்ட சிப்பாய்கள் உடம்பு தேறுவதற்காக அடையாறு பக்கம் ஒரு பெரிய பங்களாவில் நடந்த ஆஸ்பத்திரி அது. நான் அங்கே நர்ஸ். மர்சலின் படுக்கை விரிப்பில் சுருக்கம் விடமாட்டாள், நோயாளியை வலிக்காமல் புரட்டத் தெரியும், வாய் மட்டும் ஓயாது. மூன்றில் இரண்டு நல்ல குணம், போதும்.

அப்போது அரிசி கிடைப்பது பெரும்பாடு. ஆயாக்களின் சம்பளத்தில் ஒரு பங்கை ஆஸ்பத்திரி அரிசியாகவே கொடுத்தது. சனிக்கிழமைதோறும் ஸ்டோர்கீப்பர் பத்ரிநாராயணன் படியால் அளந்து போடுவார். படி நிறைந்ததும் உள்ளங்கையைக் குழித்து மேலே வழித்துத் தலைதட்டுவார். ஒவ்வொரு படியிலும் ஒரு பிடி அவர் பக்கமே நின்றுவிடும். மர்சலின் வீட்டில் இரண்டு பெண்களும் மாமியாரும். வியாழக்கிழமையே பானை காலி.

வால்டர் என்ற வெள்ளைக்காரச் சிப்பாய் காலில் மாவுக்கட்டோடு கிடந்தான். ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பேச்சுக் கொடுக்காவிட்டால் கட்டுக்குள் குச்சியை விட்டுச் சொறிவான். ஆகவே மர்சலினைப் பேசவிட்டேன். கான்வென்டில் பாத்திரம் கழுவிய காலத்தில் பொறுக்கிய இங்கிலீஷ் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் அரிசிக் கதையைச் சொல்ல, அவன் தன் ஊர்க் கதையைச் சொன்னான். அங்கே வெட்டிய கரியின் எடைக்குத்தான் கூலி. எடை போடுகிறவன் முதலாளியின் ஆள். தாத்தா காலத்தில் தொழிலாளிகள் சண்டை போட்டு, தராசுக்குப் பக்கத்தில் தங்கள் ஆள் ஒருவன் நிற்கலாம் என்று சட்டமே வாங்கினார்களாம். அவனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சம்பளத்தையும் தங்கள் கூலியிலிருந்தே கொடுப்பார்கள். அப்படி நின்றவர்களில் சிலர் பிறகு சங்கத் தலைவர்களாகி, பார்லிமென்டுக்கே போனார்களாம்.

பார்லிமென்ட் மர்சலினுக்கு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, வால்டர் ஊர்ச் சுரங்கத்தில் நிற்பதுபோலப் படிக்குப் பக்கத்தில் ஆயாக்களின் ஆள் ஒருத்தி நிற்கலாமா என்று ஸ்டோர் வாசலில் கேட்டுவிட்டாள். பத்ரிநாராயணன் நேரே மேட்ரனிடம் போனார். மேட்ரன் அவளைக் கூப்பிட்டு, இது சுரங்கம் இல்லை, பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போகலாம் என்றார். அதற்குள் ஆயாக்கள் எல்லோரும் வராந்தாவில் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. வார்டில் மணி மேல் மணி அடித்தது. பெட்பான் காத்திருக்காது; அது மேட்ரனுக்கும் தெரியும். கொஞ்சம் இறங்கி வந்து, ஆஸ்பத்திரியே ஓர் ஆளை நியமித்துச் சம்பளமும் கொடுக்கும் என்றார்.

“நீங்க சம்பளம் குடுத்தா அவ உங்க ஆளுதானம்மா,” என்றாள் மர்சலின். “எங்க ஆளுக்கு நாங்களே குடுத்துக்கிறோம்.”

மேட்ரன் என்னைப் பார்த்தார். பத்தாம் நம்பர் கட்டில் அவசரம் என்றேன். உண்மைதான். அனுமதி கிடைத்தது.

துணி துவைக்கிற கல்லருகே ஓட்டு நடந்தது. இரண்டு தகர டப்பா, ஆளுக்கொரு புளியங்கொட்டை. ஜெயிப்பவளுக்கு வாரம் ஆளுக்கொரு பிடி அரிசி. தான்தான் ஜெயிப்போம் என்று மர்சலின் நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். ஜெயித்தது கோமளம். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வரும் ஆயா. ஆள் கிடைக்காவிட்டால் கூவத்தோடும் சண்டை போடுவாள். மர்சலின் முகம் சுண்டிப்போனது.

“நீ நல்லவ, மர்சலினு,” என்றாள் கோமளம். “ஸ்டோர்காரரு தும்முனாக்கூட நீ ஜெபம் பண்ணுவ. எனக்கு அந்த நோவு இல்ல.”

சனிக்கிழமை கோமளம் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டையான மூங்கில் சிம்போடு படிக்குப் பக்கத்தில் நின்றாள். பத்ரிநாராயணனின் கை குழியத் தொடங்கியதும் சிம்பை நீட்டினாள்.

“கைய எடு சாமி. இது பாத்துக்கும்.”

அவர் முறைத்தார். வரிசை முழுவதும் திருப்பி முறைத்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

மர்சலின் முறை வந்தது. இன்னும் கொஞ்சம் கொள்ளட்டும் என்று அவள் படியைப் பிடித்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“இன்னாடி குலுக்கிக்கினு கீற?” என்று கோமளம் அதைக் கொட்டி, மறுபடி அளக்கச் சொன்னாள். அன்று பத்ரிநாராயணன் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஓட்டு நடந்தது. ஆஸ்பத்திரி மூடும்வரை ஒவ்வொரு தடவையும் மர்சலின் போட்டியிட்டாள், கோமளத்திடம் தோற்றாள். வீட்டில் அரிசி வெள்ளிக்கிழமை ராத்திரியைத் தாண்டி நின்றதால், தோல்வியைப் பற்றி அவள் அதிகம் புலம்பவில்லை.